கொழுப்பு மாத்திரை மட்டும் வேண்டாம்

“மத்ததெல்லாம் குடுங்க தம்பி, இந்தக் கொழுப்பு மாத்திரை மட்டும் வேண்டாம்.”

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது அடிக்கடி காதில் விழுகிற வாசகம். சீட்டில் ஐந்து மருந்து எழுதியிருக்கும். சுகர் மாத்திரைக்கு எதிர்ப்பே கிடையாது. பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டால் தலை கிறுகிறுக்குது என்பார்கள், அதனால் அதுவும் தப்பித்துவிடும். வெட்டு விழுவது எப்போதும் ஸ்டாடின் என்கிற அந்தக் கொழுப்பு மாத்திரை மேல்தான். ஏன் என்று கேட்டால் “கால் உளைச்சல் தாங்கல”, “கையைத் தூக்கித் தலை சீவ முடியல”, “எங்க மச்சானுக்கு இதைப் போட்டுத்தான் சுகரே வந்துச்சு” என்று பதில் வரும். சிலர், “ரிப்போர்ட்ல கொழுப்பு இறங்கிடுச்சே, இனிமே எதுக்கு?” என்பார்கள். இறங்கியதே மாத்திரையால்தான் என்று சொன்னால் நம்மை வியாபாரி என்று பார்ப்பார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் சுகம் தெரியும். ஸ்டாடின் போட்டால் ஒன்றுமே தெரியாது. ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு வளராமல் நின்றுபோனதை யாரும் உணர முடியாது. வராமல் போன மாரடைப்புக்கு ரசீது கிடையாது. பலன் கண்ணுக்குத் தெரியவில்லை, வலி மட்டும் தெரிகிறது என்றால் எதை நிறுத்துவோம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. உங்கள் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ நான் சொல்லப்போவதில்லை. வலிக்கு உண்மையில் யார் காரணம் என்று விசாரிக்காமலே ஸ்டாடினைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். விசாரித்த பிறகு அது குற்றவாளிதான் என்று தெரிந்தாலும் வழிகள் இருக்கின்றன.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2020-இல் வெளியானது, பெயர் சாம்சன். ஸ்டாடின் போட ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு டப்பா, மாதத்துக்கு ஒன்று. நாலில் அட்டார்வாஸ்டாடின் 20 மில்லிகிராம். நாலில் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. மீதி நாலு டப்பா காலி, அந்த மாதம் மாத்திரையே கிடையாது. எந்த மாதம் உண்மையான மருந்து, எந்த மாதம் மாவு என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் போனில் அன்றைய தொந்தரவுக்குப் பூஜ்ஜியத்திலிருந்து 100-க்குள் மார்க் போட வேண்டும்.

காலி டப்பா மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. சரிதான், மாத்திரை போட்டால் தொந்தரவு இரண்டு மடங்கு, மக்கள் சொன்னது பொய்யில்லை என்று தோன்றும். ஆனால் மாவு மாத்திரை மாதங்களில் 15.4! ஸ்டாடினால் வந்ததாக நினைத்த தொந்தரவில் பெரும்பகுதி, மாத்திரை என்ற ஒன்றை விழுங்கியதாலேயே வந்திருக்கிறது. ‘இது கெடுதல் செய்யும்’ என்று எதிர்பார்த்து விழுங்கினால் உடம்பு அதைச் செய்து காட்டிவிடுகிறது. மருத்துவத்தில் இதை நோசிபோ என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் “அப்ப நான் நடிக்கிறேனா?” என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இல்லை. வலி நிஜம். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நிஜமாகவேதான் வலித்தது. அதை உண்டாக்கியது அந்த வேதிப்பொருளா என்பதுதான் கேள்வி. தங்கள் மார்க்கைத் தாங்களே வரைபடமாகப் பார்த்த பிறகு அந்த 60 பேரில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாடின் போட ஆரம்பித்தார்கள். யாரும் மிரட்டவில்லை, கணக்கைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் நானும் ஒருதலைப்பட்சமாகப் பேசியதாக ஆகிவிடும். 2016-இல் வந்த காஸ்-3 என்ற ஆய்வில், பல ஸ்டாடின்களை முயன்று தோற்ற ஆட்களை மட்டும் எடுத்து, மாற்றி மாற்றி அட்டார்வாஸ்டாடினும் மாவு மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் 43 சதவீதம் பேருக்கு ஸ்டாடின் போட்டபோது மட்டும் சதை வலி வந்தது, மாவில் வரவில்லை. 27 சதவீதம் பேருக்கு நேர் தலைகீழ், மாவு மாத்திரையில் மட்டும் வலி. ஆக உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். “எல்லாம் உங்க மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடும் டாக்டர்களிடம் எனக்கும் வருத்தம் உண்டு. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்தான் அடுத்த மாதம் என் கவுண்டரில் வந்து ‘மத்ததெல்லாம் குடுங்க’ என்கிறார்.

நிஜமான ஸ்டாடின் வலிக்கு ஒரு முகம் உண்டு. இரண்டு பக்கமும் சமமாக வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் மாதிரிப் பெரிய சதைகளில் வரும். ஆரம்பித்தோ டோஸ் ஏற்றியோ சில வாரங்களில் தலைகாட்டும், நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இடது முழங்கால் மட்டும் வலிக்கிறது, குதிகால் காலையில் குத்துகிறது, பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். பத்து வருஷ சுகர்காரர் பாத எரிச்சலுக்கு ஸ்டாடினைத் திட்டினால் நான் என்ன சொல்வது? ஆறு வருஷமாக ஒரே டோஸ் ஒத்துக்கொண்டு, திடீரென்று போன மாதம் முதல் வலி என்றால், போன மாதம் புதிதாக என்ன சேர்ந்தது என்று பாருங்கள்.

இதற்கு எங்கள் கடையிலேயே ஒரு கதை இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர், ஸ்டென்ட் வைத்தவர், அட்டார்வாஸ்டாடின் 40 போடுகிறவர். ஒருநாள் வந்து, “தொடை ரெண்டும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ஒரு வலி மாத்திரை குடுங்க” என்றார். வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டேன். “எப்பவும் உள்ளதுதான்.” இன்னொரு தடவை கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஓரம் வெட்டிய அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். இட்ராகொனசோல். படர்தாமரைக்கு. நம்மூர் வெயிலில் நாள் முழுக்க வியர்வையோடு சீட்டில் உட்கார்கிறவருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வருவது அதிசயமில்லை. தோல் டாக்டர் வாரக்கணக்கில் சாப்பிட எழுதியிருந்தார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொன்னீங்களா என்றேன்.

“தோலுக்கும் நெஞ்சுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

சம்பந்தம் ஈரலில் இருக்கிறது. அட்டார்வாஸ்டாடினையும் சிம்வாஸ்டாடினையும் உடைத்து வெளியேற்றுகிற நொதி ஒன்று அங்கே இருக்கிறது. இட்ராகொனசோல் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். உள்ளே போன ஸ்டாடின் வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். விழுங்கியது 40 என்றாலும் உடம்பு பார்ப்பது அதைவிட எவ்வளவோ பெரிய டோஸ். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே வேலையைச் செய்யும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கிரேப்ஃப்ரூட் ஜூஸைத் தவிர்க்கச் சொல்வதும் இதே நொதிக்காகத்தான்.

அவருக்கு வலி மாத்திரை கொடுக்கவில்லை. சதை நிஜமாகவே சிதைந்துகொண்டிருந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தைத்தான் தாக்கும், அந்த நேரத்தில் வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கக் கூடாது. அங்கிருந்தே இதய டாக்டருக்குப் போன் போட்டேன். சிபிகே பார்க்கச் சொன்னார், சில நாள் ஸ்டாடினை நிறுத்தினார், அப்புறம் இந்த நொதியை அதிகம் நம்பாத ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றினார். சிபிகே கொஞ்சம் ஏறியிருந்தது, இறங்கிவிட்டது. அவர் இப்போதும் ஸ்டாடின் போடுகிறார். என்னை அன்று பிடிக்காமல் போனதை மட்டும் மறக்கவில்லை.

சிபிகே என்பது சதை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதி. டெஸ்ட் கொடுப்பதற்கு முந்தைய நாள் ஜிம்மில் பாரம் தூக்கினாலோ, வீடு மாற்றி பீரோ தூக்கினாலோ அதுவும் அதை ஏற்றிவிடும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு ஆள்மாறாட்டம் நம் நாட்டில் சகஜம். ஸ்டாடினோடு ஆஸ்பிரினையும் சில சமயம் குளோபிடோகிரெலையும் ஒரே கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். சாப்பிடுகிறவருக்கு அது மொத்தமாகக் ‘கொழுப்பு மாத்திரை’. வயிறு எரிகிறது, ஷேவிங்கில் சின்னக் கீறல் விழுந்தால் ரத்தம் நிற்கமாட்டேன் என்கிறது, கையில் நீலத் திட்டு வருகிறது என்று புகார் வரும். அதெல்லாம் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் வேலை. கோபத்தில் கேப்சூலை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்காமல் காக்கிற மருந்தும் சேர்ந்து நின்றுபோகும். புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிரோடு விளையாடுவது.

தைராய்டையும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொழுப்பு ஏறும், சதையும் வலிக்கும். கொழுப்பு ஏறியதற்கு ஸ்டாடின் கொடுப்பார்கள், வலிக்கான பழியை ஸ்டாடின் சுமக்கும், உண்மையான ஆள் கழுத்தில் உட்கார்ந்திருப்பார். ஸ்டாடின் ஒத்துக்கவில்லை என்று முடிவு கட்டுமுன் ஒரு டிஎஸ்ஹெச் பார்ப்பது செலவு குறைந்த காரியம். வைட்டமின் டி குறைவிலும் உடம்பு வலி வரும். முதியவர்கள், ஒல்லியான பெண்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், குடிக்கிறவர்கள் ஆகியோருக்கு நிஜமான சதைத் தொந்தரவு வர வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல்.

இனி ஒரு டீச்சரின் கதை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஒடிசலான உடம்பு, சுகர் உண்டு. ரோசுவாஸ்டாடின் 20 எழுதியிருந்தார்கள். இரண்டு தொடையிலும் குடைச்சல், மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் சிபிகேயும் தைராய்டும் பார்த்தார், இரண்டிலும் குறையில்லை. ஸ்டென்ட், மாரடைப்பு எதுவும் இல்லாதவர் என்பதால் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். டீச்சர் அல்லவா, நாள்காட்டியில் கிழித்த தாளை எறியாமல், பின்பக்கம் அன்றைய வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி வைத்தார். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 7, 6, 7 என்று ஓடி, நிறுத்திய பிறகு மெல்ல இறங்கி 2-இல் வந்து நின்றிருந்தது. ஒரு தாளில் மட்டும் 5, பக்கத்திலேயே ‘பேத்தி காதுகுத்து, நாள் பூரா நின்றது’ என்று குறிப்பு. மறுபடி அதே 20 ஆரம்பித்ததும் 6. இவர் விஷயத்தில் ஸ்டாடின்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அத்தோடு அவர் கதை முடியவில்லை. ரோசுவாஸ்டாடின் நம்மைப் போன்ற ஆசிய உடம்புகளில் வெள்ளையரைவிட அதிகமாகத் தேங்குகிறது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் என்று நாலு கூட்டத்துக்கும் ஒரே அளவு கொடுத்து ரத்தத்தில் அளந்தார்கள், 2005-இல் வெளியானது. இந்தியர்களுக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு, சீனர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பிலேயே ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு அதிக டோஸ் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒல்லியான ஒரு டீச்சருக்கு எடுத்த எடுப்பில் 20 தேவையா என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது.

டோஸைக் குறைத்தால் பலனும் அதே அளவு குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை. ஸ்டாடினில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இறக்குகிற வேலையில் பெரும்பகுதியை முதல் டோஸே செய்துவிடுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாக இறங்குவது சுமார் 6 சதவீதம்தான். 20-லிருந்து 5-க்கு வந்தாலும் இழப்பது சுமார் 12. அந்த இடைவெளியை எஸெடிமைப் 10 ஈடுகட்டிவிடும். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற வேறு வகை மருந்து. ரோசுவாஸ்டாடினும் அட்டார்வாஸ்டாடினும் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் சிலருக்கு உதவுகிறது. டீச்சருக்கு டாக்டர் எழுதியது 5 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், கூட எஸெடிமைப். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் டாக்டர் சொன்ன அளவுக்குள் வந்தது. தாளில் 2, 3 என்றுதான் ஓடுகிறது. அந்த வயதில் பூஜ்ஜியம் யாருக்கு வரும்?

ஸ்டாடினே ஆகாது என்றால் பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது, நம் ஊரிலும் கிடைக்கிறது. இந்த மருந்தைச் செயல்பட வைக்கிற நொதி ஈரலில் உண்டு, சதையில் கிடையாது. அதனால் சதையைத் தொடாமல் வேலை செய்யும். ஸ்டாடின் ஒத்துக்காத சுமார் 14,000 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 13 சதவீதம் குறைந்தன. ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும், கௌட் என்ற மூட்டு வலி வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்கும் மேலே ஊசிகள் இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒன்று போடுகிற ஊசி உட்பட. விலையைக் கேட்டால்தான் நெஞ்சு வலிக்கும்.

சுகர் விஷயம்: மச்சானுக்கு வந்ததாகச் சொன்னது முழுப் பொய் இல்லை. ஸ்டாடின் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், ஏற்கெனவே எல்லையில் நிற்கிறவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும். 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில், 255 பேர் நாலு வருஷம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சுகர் வருகிறது. இதயத்துக்குக் கிடைக்கிற காப்போடு வைத்துப் பார்த்தால் டாக்டர்கள் ஏன் நிறுத்தச் சொல்வதில்லை என்று புரியும். ஈரலுக்கு, ஆரம்பிக்குமுன் ஒரு டெஸ்ட் பார்த்தால் போதும். மஞ்சள் காமாலை அறிகுறியோ கடும் சோர்வோ வந்தால் மறுபடி. ராத்திரி தூக்கம் கெடுகிறது என்பவர்கள் காலையில் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். சிம்வாஸ்டாடினைத்தான் ராத்திரி போட வேண்டும், அட்டார்வா, ரோசுவா இரண்டுக்கும் நேரக் கட்டாயம் இல்லை.

“இந்தக் கெமிக்கல் எதுக்கு, இயற்கையா ஏதாவது இருக்கா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து 1973-இல் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தார். அது கிடைத்தது கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து. இதைவிட இயற்கை என்ன வேண்டும்? ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’ கேப்சூல் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதில் இருப்பதும் லோவாஸ்டாடினேதான், எவ்வளவு என்று மட்டும் தெரியாது. ஸ்டாடின் ஆகாதவருக்கு அதுவும் ஆகாது. பூண்டும் ஓட்ஸும் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரைக்குப் பதில் என்று மட்டும் சாப்பிடாதீர்கள்.

பொறுமை காட்டக் கூடாத இடமும் ஒன்று உண்டு. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், சதை வலியோடு காய்ச்சலோ கடும் அசதியோ வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலியே இல்லாமல் பலம் மட்டும் போவதும் உண்டு: தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, இந்தியன் டாய்லெட்டில் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி வாரங்கள் ஆகியும் இது சரியாகவில்லை என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சதையைத் தாக்குகிற அபூர்வ நோயாக இருக்கலாம். லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. அவர்களுக்கு மட்டும் ஸ்டாடின் இனி எப்போதும் கிடையாது. தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தனி வைத்தியம் இருக்கிறது.

மற்ற எல்லோரும் டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தோல் டாக்டர், பல் டாக்டர் எழுதியது, சித்த மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி, எல்லாம். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தச் சதை, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சொல்லாமல் நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரை போடுகிறீர்கள் என்று நம்பி, எல்டிஎல் இறங்கவில்லையே என்று டோஸை இரட்டிப்பாக்கி எழுதுவார், அந்தச் சீட்டோடு நேராக என்னிடம்தான் வருவீர்கள்.